வட்டத்துக்கு உள்ளே பாதி... வெளியே பாதி!

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன் மக்களே! எங்கள் காலேஜ் புளியமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் மேல் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து குண்டு போட்டிருக்கிறோம்.

பதறாதீங்க. தெர்மாகோல் குண்டுதான். எடை நானூறு கிராம். இரண்டு இறக்கை, ஒரு வால், வாலை ஆட்ட இரண்டு குட்டி மோட்டார், மூக்கில் ஒரு பேட்டரி. மெயின் பிளாக் மொட்டை மாடியிலிருந்து கையால் விட்டால், தானாகவே திசை பார்த்து, கிரவுண்டில் சுண்ணாம்பால் போட்ட புள்ளியில் போய் இறங்க வேண்டும். இதுதான் எங்கள் ஐந்தாவது செமஸ்டர் மினி ப்ராஜெக்ட். டீமில் கோடிங் மன்னன் ஒருத்தன், சால்டரிங் ராணி ஒருத்தி, ஸ்பான்சர் ஒருத்தன் (சன்னதித் தெருவில் அவங்க அப்பாவுக்குக் கடை), அப்புறம் ரிப்போர்ட் எழுதும் அடியேன். 'உனக்குத்தான் பத்திரிகையில எழுதுற வியாதி இருக்கே' என்று அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நினைத்தாலே முக்தி தரும் ஊரில் இருந்துகொண்டு குண்டு செய்கிற ஐடியா எப்படி வந்தது? 2025 மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' நடந்த நாட்களில்தான். காலேஜ் முழுக்க செல்போனில் ஒரே மாதிரி வீடியோக்கள். கறுப்பு வெள்ளையில் மேலிருந்து தெரிகிற ஒரு கட்டடம். நடுவில் ஒரு கூட்டல் குறி. திடீரென்று வெள்ளை வெளிச்சம், அப்புறம் புகை. கேன்டீனில் விசில் பறந்தது. நானும்தான் அடித்தேன், பொய் சொல்ல மாட்டேன். 'எவ்வளவு கரெக்டா விழுது பார்றா!' என்று கோடிங் மன்னன் சொன்னான். அந்தக் 'கரெக்டா' எங்களைப் பிடித்துக்கொண்டது. எப்படி அவ்வளவு கரெக்டாக விழுகிறது?

தேடிப் படிக்கப் படிக்க, ஒரு காலத்தில் இது எவ்வளவு மோசமாக இருந்தது என்பதுதான் முதலில் ஆச்சரியம். இரண்டாம் உலகப் போரில், 1941ல், பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் விமானங்கள் இரவில் எடுத்த போட்டோக்களை உட்கார்ந்து சரிபார்த்தார்கள். 'இலக்கைத் தாக்கினோம்' என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் தூரத்துக்குள்ளாவது போயிருந்தது! ஐந்து மைல் என்றால், நம்ம பெரிய கோயிலைக் குறிவைத்தால் கிரிவலப் பாதை மொத்தமும் உள்ளே அடங்கும். அதற்குள் விழுந்தாலே பாஸ் மார்க். இரண்டே வருஷத்தில் கதை மாறியது. 1943 செப்டம்பர் 9 அன்று, ஜெர்மனி ரேடியோவால் திசை திருப்பக்கூடிய 'ஃபிரிட்ஸ் எக்ஸ்' குண்டைப் போட்டு இத்தாலியின் 'ரோமா' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. 1,200 பேருக்கு மேல் கப்பலோடு போனார்கள். வியட்நாமில் தான் ஹோவா பாலத்தை அமெரிக்க விமானங்கள் 1965 முதல் நூற்றுக்கணக்கான தடவை போய் அடித்துப் பார்த்தன. அது 'போங்கடா' என்று நின்றது. கடைசியில் 1972 மே 13 அன்று லேசர் குண்டுகள்தான் அதைச் சாய்த்தன.

சரி, குறி பார்த்து அடிப்பது ஒரு கதை. எட்ட நின்று அடிப்பது இன்னொரு கதை. இதை எனக்கு விளக்கியவர் என் மாமா. விமானப் படையில் வெப்பன் ஃபிட்டராக இருபது வருஷம் இருந்து சார்ஜென்ட்டாக ரிடையர் ஆனவர். விமானத்தின் வயிற்றில் குண்டு மாட்டுகிற வேலை. பேச்சு கம்மி, பேசினால் பாயின்ட்.

போன கார்த்திகை தீபத்தன்று, டிசம்பர் 3, சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா வருஷமும் போல மொட்டை மாடியில் நின்றோம். மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமாவும் கும்பிட்டுவிட்டு, பொரி உருண்டையை எடுத்துக் கடித்தபடி என்னிடம் சொன்னார்.

"தெரியுதா பாப்பா? நீ மலை ஏறல. ஆனா ஜோதி பாத்துட்ட. அதான் ஸ்டாண்ட்-ஆஃப்."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

கார்கில் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார். 1999 மே 26ல் நம் விமானப் படை தாக்குதலைத் தொடங்கியது. மறுநாளே ஒரு மிக்-21, ஒரு மிக்-27 போயிற்று. அதற்கு மறுநாள் ஒரு எம்.ஐ-17 ஹெலிகாப்டரை, தோளில் வைத்துச் சுடுகிற ஏவுகணையால் அடித்துவிட்டார்கள். உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதன் பிறகுதான் தாழப் பறந்து அடிக்கிற பழைய முறையை விட்டுவிட்டு, அந்தத் தோள் ஏவுகணைகளுக்கு எட்டாத உயரத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார்கள். ஜூன் 24 அன்று டைகர் ஹில்லில் மிராஜ் 2000 விமானங்கள் லேசர் குண்டு போட்டது அப்படித்தான்.

"அந்த மே மாசம் நாங்க யாரும் தூங்கல. குண்டு மாட்டி அனுப்பிட்டு, வானத்தையே பாத்துக்கினு இருப்போம். போனது திரும்பி வருதான்னு எண்ணுவோம். இப்ப நூறு கிலோமீட்டர் தள்ளி நின்னு விடறான்றாங்க. எங்களுக்கு அன்னிக்கு அது இருந்திருந்தா..."

அதற்கு மேல் சொல்லவில்லை.

நான் விடவில்லை. "மேல இருக்கறவங்க சரி மாமா. கீழ இருக்கறவங்க?"

"அதுக்குத்தான் குறி."

"குறி தப்பினா?"

மாமா அடுத்த பொரி உருண்டையை எடுத்துக்கொண்டார். பொரி உருண்டைக்கு ஒரு வசதி, வாயில் போட்டுவிட்டால் ரொம்ப நேரத்துக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

மாமா சொன்ன அந்த நூறு கிலோமீட்டர் கதை நம் நாட்டில் நிஜமாகவே நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில், 1988ல் கலாம் ஐயா முன்னின்று உருவாக்கிய ரிசர்ச் சென்டர் இமாரத் என்கிற டி.ஆர்.டி.ஓ. ஆய்வகத்தில். 'சா' என்று செல்லமாகச் சொல்கிறார்கள், 'ஸ்மார்ட் ஆன்டி ஏர்ஃபீல்ட் வெப்பன்'. எதிரியின் ரன்வே, பங்கர், விமானக் கொட்டகை இவற்றைக் குறிவைக்கும் 125 கிலோ ரகக் குண்டு. 2016ல் ஜாகுவார் விமானத்திலிருந்து சோதனைகளைத் தொடங்கினார்கள். 2021 ஜனவரியில் ஒடிசா கடலோரத்தில் ஹாக் விமானத்திலிருந்து விட்டார்கள். அதே வருஷம் அக்டோபர் 28லும் நவம்பர் 3லும் ஜெய்சால்மர் பக்கம் இரண்டு விதமாகச் சோதித்தார்கள். இதற்கு அண்ணன் மாதிரி ஆயிரம் கிலோ ரகத்தில் 'கௌரவ்'. 2024 ஆகஸ்ட் 13ல் சுகோயிலிருந்து முதல் சோதனை. 2025 ஏப்ரலில் நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரத்துக்குப் போய்க் குறியைத் தொட்டது.

இதில் என்ன அழகு தெரியுமா? இரண்டிலுமே இன்ஜின் கிடையாது! விமானம் கொடுத்த உயரத்தையும் வேகத்தையும் பாக்கெட் மணி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டே சறுக்கிப் போகும். நம்ம ஊருக்கு மேலே அவ்வளவு உயரத்தில் விட்டால் புதுச்சேரி பீச் ரோடு வரைக்கும் போய்விடும். எங்கள் தெர்மாகோல் பதினான்கு மீட்டர் மாடியிலிருந்து நாற்பது மீட்டர் போனதற்கே நாங்கள் ட்ரீட் கேட்டோம்.

இன்ஜின் உள்ள ஜாதி வேறு. பிரம்மோஸின் விமான வடிவம் இரண்டரை டன். சுகோயின் வயிற்றில் ஒன்றே ஒன்றுதான் மாட்ட முடியும். அதற்கே விமானத்தின் உடம்பைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. முதலில் கல்லு மாதிரி கீழே விழும், அப்புறம்தான் பற்றிக்கொண்டு பாயும். 2017 நவம்பர் 22ல் வங்காள விரிகுடாவில் முதல் முறை விட்டார்கள். பிரம்மோஸ் நிறுவனத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்தியவர் நாகர்கோவில்காரர், சிவதாணு பிள்ளை. அந்த ஏவுகணையைச் சுமக்கிற சுகோய் படைப்பிரிவு 2020 ஜனவரி 20 முதல் இருப்பது எங்கே? தஞ்சாவூரில்! பெரிய கோயிலையும் தலையாட்டி பொம்மையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, 'கரெக்டா' கதைக்கு வருவோம். குண்டுக்கு வழி எப்படித் தெரியும்? உள்ளே ஒரு ஆக்ஸிலரோமீட்டர், ஒரு கைரோ. கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறீர்கள் என்று வையுங்கள். பிரேக் போட்டால் முன்னால் சாய்வீர்கள், திரும்பினால் பக்கத்தில் சாய்வீர்கள். இதை வைத்தே 'இப்ப செங்கம் ரோடு திரும்பிடுச்சு' என்று கணக்குப் போடுவதுதான் இனர்ஷியல் நேவிகேஷன். சிக்கல் என்னவென்றால், சின்னத் தப்பு நேரமாக ஆக வீங்கும். சென்சார் விநாடிக்கு விநாடி ஒரு சென்டிமீட்டர் வேகம் தப்பாகச் சேர்க்கிறது என்று வையுங்கள். பத்து விநாடியில் பிழை அரை மீட்டர்தான். நூறு விநாடியில் ஐம்பது மீட்டர். நானூறு விநாடி பறந்தால் எண்ணூறு மீட்டர்! எண்ணூறு மீட்டரில் ஒரு தெரு மாறாது, ஒரு ஊரே மாறிவிடும். அதனால்தான் வழியில் சாட்டிலைட்டைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறது. அந்த சிக்னலை எதிரி கெடுத்துவிட்டால்? கடைசி நேரத்தில் தானே பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். 2021ல் ஜெய்சால்மரில் சோதித்ததில் ஒரு விதத்துக்கு வெப்பத்தைப் பார்க்கும் அந்தக் கண் இருந்தது. இந்த ரகக் குண்டில் நம் நாட்டில் அதுதான் முதல் முறை.

எங்கள் தெர்மாகோலுக்குக் கண் கிடையாது. பட்ஜெட் அப்படி! அதனால் குத்துமதிப்பு பறவை. மழை விட்ட ஒரு நவம்பர் மத்தியானம், இருபது தடவை விட்டுப் பார்ப்பது என்று முடிவு. நான் டேப் பிடித்து அளந்து நோட்டில் எழுதினேன். பதினாறு வரை எல்லாம் சுபம். பதினேழாவதை ஸ்பான்சர் கையிலிருந்து விட்ட அதே நொடியில் காற்று ஒரு தூக்கு தூக்கியது. அது வலது பக்கம் சாய்ந்து, கிரவுண்டைத் தாண்டி, நேராகப் புளியமரத்துக்கு...

எங்கள் பிளாக்கைப் பெருக்கித் துடைக்கிற அம்மா அவர். மூக்கில் இருந்த பேட்டரி முழங்கைக்கு மேலே பட்டது. சோறு கொட்டிவிட்டது. நாங்கள் ஓடிப் போய் நின்றபோது அவர் முதலில் கேட்டது, "இன்னா பாப்பா இது? ஏரோபிளேனா? ஒடஞ்சிடுச்சா?" கை வீங்க ஆரம்பித்திருந்தது. எங்கள் சாமான் உடைந்துவிட்டதே என்று அவர் பதறினார்.

"எதுக்குடா கண்ணு இதெல்லாம்?" என்று கேட்டார். கோடிங் மன்னன் கண் இமைக்காமல் சொன்னான்: "வயலுக்கு மருந்து அடிக்கம்மா."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். திருத்தவில்லை.

ஐஸ் வைத்து, தைலம் தடவி, கேன்டீனில் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றையும் விட்டு முடித்தோம். ஆமாம், முடித்தோம். சப்மிஷன் தேதி அப்படி.

ராத்திரி கணக்குப் போட்டேன். இந்தத் துறையில் துல்லியத்துக்கு ஒரு அளவு இருக்கிறது, சி.இ.பி. என்பார்கள். குறியை மையமாக வைத்து ஒரு வட்டம் போடு. விட்டதில் சரிபாதி அதற்குள் விழுந்திருந்தால், அந்த வட்டத்தின் ஆரம்தான் சி.இ.பி. பேப்பரில் 'இத்தனை மீட்டர் துல்லியம்' என்று பெருமையாகப் போடுவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். எங்கள் இருபதில் பத்து, மூன்று மீட்டருக்குள். சி.இ.பி. மூன்று மீட்டர்! தெர்மாகோலுக்கு இது சூப்பர். ஆனந்தத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. பாதி உள்ளே என்றால், மீதிப் பாதி எவ்வளவு தூரம் வெளியே போனது என்பது பற்றி அந்த எண்ணுக்குக் கவலையே இல்லை. பதினேழாவது வீச்சு நான்கு மீட்டரில் விழுந்தாலும் சி.இ.பி. மூன்றுதான். இருபத்தொரு மீட்டர் தள்ளி ஒரு அம்மாவின் கையில் விழுந்தாலும் மூன்றுதான்.

புத்தகக் கணக்குப்படி, வட்டத்தின் ஆரத்தை மூன்று மடங்காக்கினால் ஆயிரத்துக்கு 998 உள்ளே வந்துவிட வேண்டும். எங்களுடையது ஏழு மடங்கு தள்ளிப் போனது. புத்தகத்தில் காற்று கிடையாது.

கைடு சார் கிராஃபைப் பார்த்தார். இருபது புள்ளியில் ஒன்று மட்டும் ஓரமாகத் தனியாக நின்றது. "இது காத்து அடிச்சது. அவுட்லையர். தூக்கிடுங்க, பத்தொன்பதுன்னு போடுங்க" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, எல்லோரும் செய்வதுதான். நான் திரும்பிப் போய்ப் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது வைத்தாலும் சி.இ.பி. அதே மூன்றுதான்! அந்தப் புள்ளியை எடுத்தால் எங்கள் மார்க் ஏறாது, இறங்காது. கிராஃப் மட்டும் அழகாகிவிடும்.

டீமில் சண்டை வந்தது. "நம்மளே நம்ம ரிப்போர்ட்ல ஓட்டை போடணுமா?" என்றான் ஸ்பான்சர். அதுவரை பேசாமல் இருந்த சால்டரிங் ராணி வாயைத் திறந்தாள். அவள் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவள். அவள் அம்மம்மா 2006ல் கடல் கடந்து வந்தவர். மாடலுக்கு ஒட்டு வேலை செய்ய ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துப் போனாளாம். பாட்டி அதைப் பார்த்து, "உது என்ன பிள்ளை, கிபிரே?" என்று கேட்டாராம். கிபிர் என்றால் அங்கே குண்டு போட்ட போர் விமானம். "விளையாட்டுச் சாமான் அம்மம்மான்னு சொன்னேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பேசாம குடுத்துட்டாங்க." அவ்வளவுதான் சொன்னாள். புள்ளியை எடுக்கலாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை.

குறி சரியாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் கேஸ் இருக்கிறது. 1999 மே 7 இரவு, பெல்கிரேடில் அமெரிக்க விமானம் சாட்டிலைட் வழிகாட்டும் ஐந்து குண்டுகளைப் போட்டது. கொடுத்த விலாசத்துக்கே போய் விழுந்தன. கொடுத்த விலாசம்தான் தப்பு. அது சீனத் தூதரகம். மூன்று பேர் இறந்தார்கள், பழைய தப்பான மேப் என்று பிறகு சொன்னார்கள். 1991 பிப்ரவரி 13ல் பாக்தாத்தின் அமிரியா பதுங்கு கூடம் இன்னும் மோசம். இரண்டு லேசர் குண்டுகள், இரண்டுமே அச்சுப் பிசகாமல் போயின. உள்ளே ராணுவம் என்று நினைத்தார்கள். இருந்தது குடும்பங்கள். நானூறு பேருக்கு மேல். அந்தக் குண்டுகளின் சி.இ.பி. கணக்கில் அன்றைய தேதிக்கு நூற்றுக்கு நூறு வந்திருக்கும்.

அதற்காக இதெல்லாம் வேண்டாம் என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை. ஹைதராபாத் பக்கம் இன்டர்ன்ஷிப்புக்கு எழுதிப் போட ஒரு விண்ணப்பம் என் பையில் மடித்தபடி கிடக்கிறது. அந்த வேலை எனக்குப் பிடிக்கிறது. மாமா வானத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டு நின்றதும் உண்மை, ஐந்து மைல் வட்டம் மூன்று மீட்டராகச் சுருங்கியதால் தப்பித்தவர்கள் இருப்பார்கள் என்பதும் உண்மை. அந்த விண்ணப்பத்தில் 'உங்கள் ப்ராஜெக்ட் பற்றி எழுதவும்' என்று ஒரு கட்டம். பத்து நாளாக அது காலியாகவே இருந்தது. நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறவனுக்குப் புளியமரம் தெரியாது. எங்களுக்கு இருபத்தொரு மீட்டர்தான், ஓடிப் போய்ப் பார்த்தோம்.

கடைசியில் நானே போனேன், மத்தியானம், அதே புளியமரம். கை வீக்கம் வடிந்திருந்தது. "அம்மா, அன்னிக்கு மருந்து அடிக்கன்னு சொன்னது பொய்ம்மா. அது மிலிட்டரி குண்டு மாதிரி ஒண்ணு. ப்ளேன்லேர்ந்து தூரமா நின்னு போடறது. அதோட சின்ன மாடல்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மிலிட்டரிக்கா? என் அண்ணன் மவன் மிலிட்டரியிலதாம்மா கீறான். காஷ்மீர் பக்கம். தூரமா நின்னு போட்டா, நம்ம புள்ளைங்க கிட்ட போவ வேணாம் இல்ல?"

"போக வேணாம்மா."

"அப்ப நல்லதுதான்" என்றவர், கொஞ்ச நேரம் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆனா அடுத்த வாட்டி வுடறப்போ ஒரு கொரல் குடு கண்ணு. நான் அந்தாண்ட போய் குந்திக்கறேன்."

ரிப்போர்ட்டில் இருபது என்றே போட்டேன். கிராஃபுக்குக் கீழே, பதினேழாவது புள்ளிக்கு நேராக, 'ஒருவருக்குக் காயம்' என்று ஒரு வரி. சார் ஒரு தடவை என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்திலும் இதையே எழுதியிருக்கிறேன். தபாலில் போடவேண்டியதுதான் பாக்கி.

போன வாரம் வாலை மாற்றி மறுபடி விட்டோம். மரத்தடியில் ஒருத்தரை விசிலோடு நிறுத்தினோம். விசில் சத்தம் கேட்டதும் அந்தம்மா டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு தண்ணித் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்து, தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். நான் டேப்பைப் பிடித்தேன். இரண்டு மீட்டர் நாற்பது.